குழந்தைக்குக் கரப்பான்: செரமைடு கிரீம் போட்டும் அடங்கலையே, எங்கே தப்பு?

குடமுருட்டி:

நாலு வயசுப் பெண் குழந்தை, எடை 15 கிலோ. ரெண்டு முழங்கை மடிப்புலயும் முழங்காலுக்குப் பின்னாலயும் கரப்பான் (எக்சிமா). மார்கழி, தையில வறண்டு வெடிக்குது; சித்திரை வந்தா வேர்வை பட்டு அரிக்குது. டாக்டர் மொமெடசோன்னு ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். அஞ்சு நாள் போட்டா அடங்குது, நிறுத்தி பத்து நாள்ல திரும்ப வந்துடுது. அதனால தோலோட தடுப்பைச் சரிபண்ணும்னு சொல்லி விக்கிற செரமைடு கிரீம் 50 கிராம் ட்யூப் ஒண்ணு வாங்கி, ஒரு மாசமா அரிக்கிற இடத்துல மட்டும் தடவுறோம். போட்டதும் எரியுதுன்னு அழுவுறா. பலனும் பெருசா தெரியல. பாபநாசம் பக்கம் வீடு, போர் தண்ணி, சோப்பு போட்டா நுரையே வராது. அப்பாயி தேங்காயெண்ணெயும் குப்பைமேனியும் போதும்ங்கிறாங்க. இந்தக் கிரீம் வீண் செலவா, இல்ல நாங்க போடுற முறை தப்பா?

மருந்துச்சீட்டு:

முறைதான் தப்பு. அதுலயும் முதல் தப்பு அளவு. ஒரு மாசத்துக்கு 50 கிராம்ங்கறது பொட்டு வைக்கிற கணக்கு.

பெரியவங்க ஆள்காட்டி விரலோட நுனியிலேருந்து முதல் மடிப்பு வரைக்கும் ட்யூபைப் பிதுக்கினா ஏறக்குறைய அரை கிராம் வரும். இதை ஒரு விரல்நுனி அளவுன்னு சொல்றது. மூணுலேருந்து அஞ்சு வயசுக் குழந்தைக்கு முகம், கழுத்துக்கு ஒன்றரை, ஒரு கைக்கு 2, ஒரு காலுக்கு 3, நெஞ்சு வயித்துக்கு 3, முதுகு பிட்டத்துக்கு மூன்றரை. மொத்தம் 18, அதாவது ஒரு தடவைக்கு 9 கிராம். ரெண்டு வேளைக்கு 18 கிராம், வாரத்துக்கு 126. உங்க ட்யூப் மூணு நாள் தாங்காது. பிரிட்டன் வழிகாட்டுதல் இன்னும் தாராளம், குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரைக்கும் போகுது.

அரிக்கிற இடத்துல மட்டும் தடவினதும் சரியில்ல. கண்ணுக்கு நல்லா தெரியிற தோல்லயும் ஈரம் கசிஞ்சுக்கிட்டுதான் இருக்கும். உடம்பு பூரா போடணும்.

அவ்வளவுக்கும் செரமைடு கிரீம் வாங்கினா குடும்பம் தாங்காது, வாங்கவும் வேண்டாம். 2022-ல பிரிட்டன்ல 550 குழந்தைகளை வச்சு லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நாலையும் ஒப்பிட்டாங்க. கரப்பானை அடக்குறதுல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியல. குழந்தை முரண்டு பிடிக்காம போட்டுக்கிறது எதுவோ அதுதான் நல்ல கிரீம். வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி பெரிய டப்பாவா வாங்கி உடம்புக்குப் போடுங்க. செரமைடு வேணும்னா முகத்துக்கும் மடிப்புக்கும் வச்சுக்கலாம்.

வாங்கும்போது முன்பக்க விளம்பரத்தை விட்டுட்டுப் பின்னால உள்ள பட்டியலைப் பாருங்க. சேர்மானங்களை அதிகம் உள்ளதுலேருந்து வரிசையா போடுவாங்க; ஒரு சதத்துக்குக் கீழ போனா வரிசை கிடையாது. செரமைடோட கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ரெண்டும் இருந்தா நல்லது. 'பெர்ஃப்யூம்', 'ஃப்ராக்ரன்ஸ்'னு ஒரு சொல் இருந்தாலே வச்சுட்டு வந்துடுங்க. எரிச்சலுக்குக் காரணமும் அந்தப் பட்டியல்லயே இருக்கும்: யூரியா, லாக்டிக் அமிலம், ப்ரொப்பிலீன் கிளைகால். வெடிச்ச தோல்ல இதுங்க பட்டா எரியும். யூரியா கலந்தது பெரியவங்க குதிகால் வெடிப்புக்கு அருமையான சரக்கு, இந்த வயசுக் குழந்தையோட புண்ணுக்கு இல்ல. தண்ணி கலக்காத ஆயின்ட்மென்ட் பெரும்பாலும் எரியாது.

தோல்பிரிவு:

மேலே சொன்ன கணக்கு சரி. மருந்து ஏன் நிற்கவில்லை என்பதை நான் சொல்கிறேன்.

தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். நடுவில் பூச்சாக இருப்பவை செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். கரப்பான் உள்ள தோலில் இந்தப் பூச்சு மெலிந்துவிடுகிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் டண்டீ பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் வரப்பில் நண்டு வளை விழுந்த கதை. உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வரும். கிரீம் போடுவது வரப்புக்கு அண்டை வைக்கிற, அதாவது சேறு பூசி ஓட்டையை அடைக்கிற வேலை. ஆனால் வயல் பற்றி எரியும்போது அண்டை வைத்துப் பயனில்லை. சிவந்து தடித்து அரிக்கும் கட்டத்தில் ஸ்டீராய்டுதான் தீயை அணைக்கும்.

அதை ஐந்து நாளில் நிறுத்துவதுதான் உங்கள் பத்தாம் நாள் கதைக்குக் காரணமாக இருக்கும். சிவப்பு போனவுடன் நிறுத்துகிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு மிச்சம் இருக்கும். தோல் வழவழப்பாகும்வரை தினம் ஒரு வேளை போட வேண்டும், பலருக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நாலு மடிப்புக்கும் சேர்த்துப் பெரியவர் உள்ளங்கை இரண்டின் பரப்பு இருந்தால், ஒரு விரல்நுனி அளவு மருந்து போதும். அடங்கிய பிறகும் அதே இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் தொடரும் முறை உண்டு; திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அது நன்றாகக் கேட்கும். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டு நாள் கணக்கை எழுதி வாங்குங்கள். முகத்துக்கும் இமைக்கும் மொமெடசோனைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே டாக்ரோலிமஸ் 0.03 சதம் மாதிரி வேறு மருந்து எழுதுவார்கள்.

குளியல்: வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்திலிருந்து பத்து நிமிடம். சாதாரண சோப்பின் பிஎச் (அமில, கார அளவு) 9, 10 இருக்கும். தோலுக்கு வேண்டியது ஏறக்குறைய 5. காரம் ஏறினால் செரமைடு உண்டாக்கும் நொதி சுணங்கும், செல்களைப் பிணைக்கும் முடிச்சை அறுக்கும் நொதி வேகமெடுக்கும். சோப்பு போட்டுவிட்டுக் கிரீம் தடவுவது ஒரு கையால் அண்டை வைத்து மறுகையால் வெட்டிவிடுவது. பிஎச் 5.5 என்று போட்ட, வாசனை இல்லாத குளியல் கட்டியை அக்குள், தொடையிடுக்கு, காலில் மட்டும் தேய்த்தால் போதும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயுமுன் மூன்று நிமிடத்துக்குள் கிரீம். ஸ்டீராய்டு போடும் நாளில் இரண்டுக்கும் நடுவே 15 முதல் 30 நிமிடம் இடைவெளி விடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று பூசினால் மருந்து நீர்த்து வேறு இடத்துக்கும் பரவும். கிரீமை ரோமம் படுத்திருக்கும் திசையில் மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். தேய்த்தால் ரோமக்கால் அடைத்துச் சீழ்க்கொப்புளம் வரும்.

போர் தண்ணீருக்காகக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கடினநீரை மென்னீராக்கும் கருவியை 336 குழந்தைகள் வீட்டில் பொருத்திப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. கரப்பானில் கூடுதல் பலன் இல்லை. கடினநீரில் சோப்புப் படிவு தோலில் ஒட்டும். சோப்பைக் குறைத்தால் அந்தத் தொல்லையும் குறைகிறது.

அரசலாறு:

எண்ணெய் பத்தி யாரும் சொல்லலையே. அப்பாயி பாதி சரி. 2014-ல பிலிப்பைன்ஸ்ல 117 குழந்தைகளை ரெண்டா பிரிச்சு, 8 வாரம் ஒரு பிரிவுக்குப் பச்சைத் தேங்காயெண்ணெய் ('வர்ஜின்'னு விக்கிறது), இன்னொரு பிரிவுக்கு மினரல் ஆயில்னு போட்டுப் பார்த்ததுல தேங்காயெண்ணெய்தான் ஜெயிச்சது. வாசனை கலந்த தலைமுடி எண்ணெய் வேற சரக்கு, அதைத் தொடாதீங்க. நல்லெண்ணெய்ல ஒலீயிக் அமிலம் 40 சதத்துக்குப் பக்கம் இருக்கு, அது தோலோட பூச்சைக் கலைக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை இந்தக் குழந்தைக்கு மட்டும் தேங்காயெண்ணெய்க்கு மாத்திடுங்க. கடலை எண்ணெய் வேண்டவே வேண்டாம். வெடிச்ச தோல் வழியா வேர்க்கடலைச் சத்து உள்ள போய் ஒவ்வாமை உண்டாகுறதுக்கு வழி.

குப்பைமேனி, உப்பு, மஞ்சள் அரைச்சுத் தேய்க்கிறது புண்ணுக்கு மேல புண். கடலைமாவு, நலங்குமாவும் தேய்ச்சுக் குளிப்பாட்டுற சரக்குதான், கரப்பானுக்கு ஆகாது.

காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. கத்திரி வெயில்ல உடம்பு பூரா ஜெல்லி பூசினா வேர்வை அடைச்சு வேர்க்குரு கிளம்பும். "கிரீம் ஒத்துக்கல"ன்னு அப்பதான் எல்லாரும் நிறுத்துறாங்க. சித்திரை, வைகாசியில பகல்ல இலகுவான லோஷன், ராத்திரி மடிப்புல மட்டும் ஜெல்லி. விளையாடி வந்ததும் வெறும் தண்ணியில அலசிட்டுத் திரும்பப் போடணும். பவுடர் கொட்டாதீங்க. மார்கழிப் பனிக்கு ஜெல்லியே மேல்.

குடமுருட்டி:

கணக்கு பார்த்தா நாங்க போட்டது பத்துல ஒரு பங்குகூட இல்ல. இன்னொண்ணு: குழந்தையோட அப்பாவுக்கும் கையில வெடிப்பு, நடவு நேரத்துல சேறும் உரமும் பட்டா எரியுது. அதே ட்யூப் போடலாமா? அவர் இடுப்புல வட்டமா ஒண்ணு இருக்கு, அதுக்கும் மொமெடசோன்தான் போடுறார்.

தோல்பிரிவு:

இடுப்பில் வட்டமாக, ஓரம் தடித்து நடு வெளுத்திருந்தால் அது படை, பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு நாலு நாள் அடங்கும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் கலந்த ட்யூபும் இதே வேலையைத்தான் செய்யும். 2018-இல் இந்தக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது, அது வேறு கதை. ஒரே வீட்டில் ஒரே ட்யூபைப் பகிர்வதும் கூடாது.

கை வெடிப்புக்கு: உரம் தொடும்போது உள்ளே பருத்தி, மேலே ரப்பர் கையுறை. வேலை முடிந்து வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து உடனே ஜெல்லி. மண்ணெண்ணெய், சோப்புத்தூள் போட்டுக் கை கழுவுவதை நிறுத்தினாலே பாதி ஆறும். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பிலும் புதிதாகத் தடித்தால் வரப்போரத்துப் பார்த்தீனியக் களைச்செடியைச் சந்தேகப்படுங்கள். அதன் துகள் காற்றில் வந்தே ஒவ்வாமையைக் கிளப்பும், கிரீம் மட்டும் போதாது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தோல் பிரிவில் காட்டுங்கள்.

குழந்தை விஷயத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். கரப்பான் இருந்த இடத்தில் திடீரென்று ஒரே அளவான கொப்புளங்கள், குத்தி எடுத்தது போன்ற குழிப்புண், வலி, காய்ச்சல் வந்தால் அது ஹெர்பிஸ் கிருமி பரவியதாக இருக்கலாம். அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை, அந்தக் கிருமிக்கான அசைக்ளோவிர் மருந்து தாமதமாகக் கூடாது. கண்ணருகே வந்தால் இன்னும் அவசரம்.

மருந்துச்சீட்டு:

ரெண்டு சில்லறை விஷயம். டப்பாவுக்குள்ள விரலை விடாதீங்க. ஒரு ஸ்பூன் கழுவித் துடைச்சு வச்சுக்கிட்டு அதால எடுங்க, இல்லாட்டி கிருமி டப்பாவுலயே குடித்தனம் பண்ணும். அப்புறம், ஜெல்லி ஊறின துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், ஒரு தடவை துவைச்சா முழுசா போகாது. கார்த்திகை அகல், தீபாவளி மத்தாப்பு, விறகடுப்பு பக்கம் அந்தச் சட்டையோட விடாதீங்க. ராத்திரிக்குன்னு ரெண்டு பழைய பருத்திச் சட்டை தனியா ஒதுக்கி வச்சுட்டா போதும்.