மாம்பழக் காப்லர்: மேலே முறுகல், அடியில் களி. எங்கே தவறு?

திருநகர்வாசி:
மாட்டுத்தாவணியில் இரண்டு கிலோ கல்லாமை மாம்பழம் மலிவாகக் கிடைத்தது. பிள்ளைகள் விடுமுறையில் இருக்கிறார்களே என்று காப்லர் செய்தேன். அடியில் பழம், மேலே மாவு, அப்படியே ஓவனில் வேகும் அமெரிக்க இனிப்பு. பார்வைக்குப் பொன்னிறம். கரண்டியை விட்டால் மாவின் அடிப்பக்கம் பல்லில் ஒட்டும் களி, அதற்கும் கீழே ரசம் போலச் சாறு. 180 டிகிரியில் 30 நிமிடம் வைத்தேன். போதாதா?

நத்தம் தோப்புக்காரன்:
கல்லாமையைப் போய் யாராவது வேகவைப்பார்களா? அது சாறு பிழியும் பழம். பங்கனப்பள்ளியைச் செங்காயாகப் பார்த்து வாங்குங்கள், துண்டு குலையாது.

அடுமனை அக்கா:
பழத்தின் மேல் மட்டும் பழி போட வேண்டாம். கார்ன்ஃப்ளார் எவ்வளவு? பழம் சூடாக இருந்ததா? மாவை எப்படிப் பரப்பினீர்கள்?

திருநகர்வாசி:
கார்ன்ஃப்ளார் ஒரு தேக்கரண்டி. பழத்தைச் சர்க்கரையில் பிசறி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மாவைச் சப்பாத்தி போலத் திரட்டி முழுவதும் மூடினேன்.

அடுமனை அக்கா:
அதேதான். சர்க்கரை சாற்றை இழுத்துவிட்டது. ஜில்லென்ற பழத்தின் மேல் படுத்த மாவுக்கு மேலிருந்துதான் சூடு கிடைத்தது. ஆவி போக வழியும் இல்லை.

நான்கு கப் துண்டுக்குக் கால் கப் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மூடி எலுமிச்சைச் சாறு. பிசறியதும் பழத்தை மட்டும் 190 டிகிரியில் வையுங்கள். ஓரங்களில் கொதி வர 15 நிமிடம் ஆகும். கொதித்தால்தான் கார்ன்ஃப்ளார் இறுகும். அதன்பின் மாவைக் கிள்ளிக் கிள்ளி, இடைவெளி விட்டு வைத்து இன்னும் 25 அல்லது 30 நிமிடம். நடுவில் உள்ள கட்டியைப் புரட்டிப் பாருங்கள், அடியும் பன் போல உலர்ந்திருக்க வேண்டும். எடுத்ததும் அரை மணி நேரம் தொடாதீர்கள்.

நம் ஊர் மே மாத வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகிவிடும். மைதாவையும் வெண்ணெயையும் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிசறுங்கள்.

மேலூர் மருமகள்:
சிறுமலை வாழைப்பழத்தில் செய்யலாமா அக்கா?

அடுமனை அக்கா:
செய்யலாம். சாறு குறைவு, கார்ன்ஃப்ளார் பாதி போதும். ஆனால் அது விற்கிற விலைக்கு வேகவைக்க எனக்கு மனம் வராது.

திருநகர்வாசி:
ஞாயிறன்று பங்கனப்பள்ளியில் செய்தேன். ஓரத்தில் ஒரே ஒரு கட்டி நனைந்திருந்தது, அதை யாரும் பார்க்கும் முன் நானே சாப்பிட்டுவிட்டேன். கேசரிக்கு ஈடாகாது என்று சொல்லிக்கொண்டே மாமியார் இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினார். மீதமுள்ள கல்லாமையை என்ன செய்வது?

நத்தம் தோப்புக்காரன்:
பிள்ளைகளிடம் கொடுங்கள். முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.