ஸ்கிராட்ச் எடிட்டரில் பனைமரத்தை ஆட வைத்த அனுபவம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு, பிளாக்குகளை அடுக்கி கேமும் அனிமேஷனும் செய்கிற ஸ்கிராட்ச் சொல்லிக் கொடுக்கிறேன். படம் வரைய வேறு சாஃப்ட்வேர் போடணுமா என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டாம். கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ் போட்ட ஸ்கூல் லேப்டாப்பிலேயே ஸ்கிராட்ச் இருக்கிறது, நெட் இல்லாமலும் ஓடும், அதற்குள் படம் வரைய இருக்கும் காஸ்ட்யூம் எடிட்டர் தாராளமாகப் போதும் (காஸ்ட்யூம் என்றால் ஓர் உருவத்தின் ஒரு படம்). ஆனால் வரையும் இடத்தின் நடுவில் மங்கலாக ஒரு குறி தெரியும் பாருங்கள், அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

போன ஆடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு பனைமரம் வரைந்தாள். வாளையார் கணவாய்க் காற்றுக்கு அது ஆட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்தப் பக்கம் 3 டிகிரி, அந்தப் பக்கம் 3 டிகிரி, நடுவில் கொஞ்சம் வெயிட், அவள் அடுக்கிய பிளாக்குகள் சரியாகவே இருந்தன. ஓட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அடிமரமும் சேர்ந்து நகருது" என்றாள். ஸ்பிரைட், அதாவது மேடையில் அசையும் உருவம், திரும்புவது அந்த நடுக்குறியைச் சுற்றித்தான், அவள் மரத்தின் இடுப்பு அங்கே இருந்தது. குறியை நகர்த்த வழியில்லை, படத்தைத்தான் நகர்த்தணும். மொத்த மரத்தையும் செலக்ட் பண்ணி, அடிமரம் குறியில் வந்து நிற்கிற வரை மேலே இழுக்கச் சொன்னேன். அப்புறம் அடி அசையவில்லை, தலை மட்டும் ஆடியது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கணுமே!

மாட்டு வண்டிக்கும் இதே கதைதான். சக்கரத்தைத் தனி ஸ்பிரைட்டாக வரைந்து, அதன் அச்சைக் குறியில் வைத்தால்தான் கோணாமல் சுற்றும். மாட்டை நடக்க வைக்க இரண்டாவது படத்தைப் புதிதாக வரையாதீர்கள். முதல் காஸ்ட்யூமில் ரைட் கிளிக் செய்து டூப்ளிகேட் போட்டு, ரீஷேப் கருவியால் கால்களையும் வால் நுனியையும் மட்டும் இழுத்துவிடுங்கள், உடம்பு இருந்த இடத்திலேயே இருப்பதால் படத்தை மாற்றும் நெக்ஸ்ட் காஸ்ட்யூம் பிளாக் ஓடும்போது மாடு குதிக்காது.

இதெல்லாம் ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாக நிற்கும் வெக்டர் மோடில் இருந்தால்தான். கீழே இருக்கும் பட்டனை அழுத்திப் படம் வெறும் புள்ளிகளாகிவிடும் பிட்மேப்புக்கு மாற்றிவிட்டால், திரும்ப வெக்டருக்கு வந்தாலும் காலும் வாலும் தனித்தனியாகக் கிடைக்காது, எல்லாம் ஒட்டி ஒரே படமாகிவிடும். சைஸைப் பெரிதாக்கினால் ஓரமும் பல்லுப் பல்லாகத் தெரியும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரஷ்ஷில் கிறுக்கிப் பழக பிட்மேப் நல்லதுதான், அசைய வேண்டிய எதற்கும் நான் அதைத் தொட விடுவதில்லை.

நிறத்துக்கு ஒரே விஷயம்: ஸ்பிரைட் ஒரு நிறத்தைத் தொடுகிறதா என்று பார்க்கும் டச்சிங் கலர் பிளாக் வைக்கும் கேமில் ஸ்லைடரைக் கண் மதிப்பில் தள்ளாதீர்கள், பிளாக்கிலேயே இருக்கும் ஐட்ராப்பரால் மேடையில் இருக்கும் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.