இரு முனையும் கட்டிய ட்ராக் ரோப்: கேபின் நடுவில் வந்தால் 20 டன் 36 டன் ஆகுமா?

வினோத்_மெக்:
சரக்கு ரோப்வே, கேபின் உருளும் கயிறு (ட்ராக் ரோப்) இரு முனையும் கட்டியது. ஒரே ஸ்பான் (தாங்கிகளுக்கு இடையிலான தூரம்), 400 மீட்டர், இரு முனையும் ஒரே மட்டம். 40 மி.மீ லாக்டு காயில் ரோப் (வெளிக்கம்பிகள் ஒன்றோடொன்று பூட்டிய எஃகுக் கயிறு), மீட்டருக்கு 9.4 கிலோ. காலிக் கயிற்றில் 20 டன் இழுவிசை, தொய்வு 9.4 மீட்டர், அளவும் கணக்கும் ஒத்துப்போகிறது. 3 டன் கேபினை நடுவில் நிறுத்தினால், அதே 20 டன்னில் சூத்திரப்படி 24.4 மீட்டர் வரணும். வருவது 13.5தான். லோட் செல் (இழுவிசை அளக்கும் கருவி) 36 டன் காட்டுகிறது. செல் போய்விட்டதா?

மலைக்கம்பி:
செல்லைக் கழற்றாதீங்க, அது சரியாத்தான் சொல்லுது. நடுத் தொய்வு = (3×400÷4 + 0.0094×400²÷8) ÷ இழுவிசை, அதாவது 488 ÷ இழுவிசை. 36.2 போட்டுப் பாருங்க, 13.5 வரும்.

20 டன் மாறாமல் நிற்பது கவுண்டர்வெயிட் (கயிற்றை இழுத்துப் பிடிக்கும் எடைக்கல்) தொங்கும் ரோப்வேயில்தான். அங்கே கேபின் நடுவுக்கு வரும்போது சுமார் 2.5 மீட்டர் கயிறு ஸ்பானுக்குள் போகும், எடைக்கல் அவ்வளவு மேலேறும். உங்களுடையதில் கொடுக்கக் கயிறே இல்லை. கயிறு நீண்டுதான் ஆகணும், அது நீளணும்னா இழுவிசை ஏறணும்.

நீளத்தை வைத்துத் தேடுங்க. ஸ்பானைவிடக் கயிறு எவ்வளவு கூடுதல் நீளம்? காலியில் 236 ÷ 20² = 0.59 மீட்டர். கேபினோடு (450 + 564 + 236) ÷ இழுவிசை². முதல் எண் 3²×400÷8, இரண்டாவது 3×0.0094×400²÷8, மூன்றாவது 0.0094²×400³÷24. இரண்டு நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் மீள் நீட்சிக்குச் சமமாகணும். உலோகப் பரப்பு 1,100 ச.மி.மீ, மீள்குணகம் 160 கிகாபாஸ்கல் என்றால் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2.2 செ.மீ. 36 போட்டால் தேவை 37.5, நீட்சி 35.7 செ.மீ. 36.5 போட்டால் 34.9, 36.8. விடை இடையில்.

வினோத்_மெக்:
புரிந்தது சார். அப்போ கேபின் நடுவுக்கு வரும்போதுதான் ஏறுமா?

மலைக்கம்பி:
இல்ல. கால் ஸ்பானிலேயே 33.5 டன் ஆகிடும். நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் வேகமாக ஏறும், நடுவில் தட்டையாகும்.

சிவில்_தாஸ்:
ஆங்கர் பிளாக்கை (கயிற்றின் முனையைப் பிடித்து நிற்கும் கான்கிரீட் கட்டை) 20 டன்னுக்குப் போட்டிருந்தால் ஆபத்து. 36ம் போதாது, கயிறு இறுக்கிய நாளைவிட 30 டிகிரி குளிர்ந்தால் காலியில் 22, கேபினோடு 38 டன். ஆங்கர் தாங்காதென்றால் தொடக்க இழுவிசையை 15க்கு இறக்குங்க. காலித் தொய்வு 12.5 மீட்டர், உச்சம் 30 டன். கேபின் இன்னும் 3 மீட்டர் தாழும், கீழே இடைவெளி பாருங்க.

உங்களிடம் கயிறு 3.8 டன், கேபின் 3 டன், அதான் இவ்வளவு ஆட்டம். ஜெர்மனியின் சுக்ஸ்பிட்சே ரோப்வேயில் ஒரு ஸ்பான் மட்டுமே 3,213 மீட்டர் நீளம். அங்கே கேபினைவிடக் கயிற்றின் எடை பல மடங்கு, கேபின் போனாலும் இழுவிசை விகிதத்தில் கொஞ்சம்தான் மாறும்.

வினோத்_மெக்:
செல் இல்லாமல் அந்த 20 டன்னைச் சரிபார்க்க வழி?

மலைக்கம்பி:
கேபினை நிலையத்தில் நிறுத்திட்டு, ஆங்கருக்கு அருகில் மரக்கட்டையால் கயிற்றை ஒரு தட்டு. அதிர்வு மறுமுனைக்குப் போய்த் திரும்புவது கையில் தெரியும். 20 டன்னில் ஒரு சுற்று 5.54 விநாடி. ஒன்றை மட்டும் எடுக்காதீங்க, ஐந்து சுற்றுக்கு 27.7 வருதா பாருங்க. நேரத்தில் 1% பிசகினால் இழுவிசையில் 2% பிசகும். 26.4 வந்தால் 22 டன். காற்றில்லாத காலையில், கயிற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு செய்யுங்க.