தீவில் குடியேற நிலம் பார்ப்பது: கரையோரச் சமதளமா, மேட்டுச் சரிவா?

கேட்டவர்

நான்கு பேர் கொண்ட குடும்பம், அதில் இரண்டு பிள்ளைகள். மாதம் ஒருமுறை சரக்குப் படகு வரும் தீவு. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம். இரண்டு இடங்கள் கைக்கு எட்டுகின்றன. ஒன்று கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான சமதளம், கிணறு இருக்கிறது. மற்றது கரையிலிருந்து நாற்பது நிமிட ஏற்றத்தில், காட்டுச் சரிவில், ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில். பரப்பு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எதை எப்படிச் சோதிப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிணற்று வேலைக்காரர்

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மற்ற குறைகளைக் காலப்போக்கில் சரிசெய்யலாம். தண்ணீர் இல்லாத மனையை யாராலும் சரிசெய்ய முடியாது.

கரையோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்றால், மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது என்று அர்த்தம். கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1. அதனால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும். இதுதான் கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இதே கணக்கு திருப்பியும் அடிக்கும். மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 10 செ.மீ. இறக்கினால், அடியில் உள்ள உப்புநீர் நாளடைவில் 4 மீட்டர் வரை மேலே ஏறும். சின்னத் தீவுகளில் நன்னீர்ப் படலமே சில மீட்டர்தான். கிணறு உவர்ந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

சோதனைக்கு, நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஒரு கையடக்க மின்கடத்துதிறன் மீட்டர் போதும். அது காட்டும் எண் செ.மீ.க்கு 1,000 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் நல்ல நீர். 2,500-ஐத் தாண்டினால் குடிநீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். கடல்நீர் சுமார் 50,000 காட்டும். கிணற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கடல்நீர் கலந்தாலே நாக்கில் உவர்ப்பு தட்டத் தொடங்கிவிடும்.

எப்போது அளப்பது என்பதுதான் முக்கியம். மழைக்காலத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். கோடையின் கடைசியில், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அளவெடுங்கள். மேல்நீரில் ஒருமுறை. பிறகு கல் கட்டிய பாட்டிலை மூடியோடு அடிக்கு இறக்கி, மூடியில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறந்து, அடிநீரில் ஒருமுறை. ஒரு மணி நேரம் இறைத்த பிறகு மறுபடியும் ஒருமுறை. அடிநீர் மேல்நீரைவிடப் பல மடங்கு காட்டினால், கிணற்றை ஆழப்படுத்தும் யோசனையையே விட்டுவிடுங்கள். அகலமாகவும் ஆழம் குறைவாகவும் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே அங்கே வழி.

ஊற்றுக்கு மீட்டர் வேண்டாம். 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 200. 70 நிமிடத்தில் ஒரு வாளி நிறைகிற சொட்டு ஒழுக்கே, இரவும் பகலும் தொட்டியில் சேர்த்தால், அந்த 200 லிட்டரைத் தந்துவிடும். ஆனால் இதையும் கோடைக் கடைசியில்தான் அளக்க வேண்டும். தோட்டத்துக்கு வேண்டியது இந்தக் கணக்கில் இல்லை. ஊற்று மனையைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழாய் இழுத்தாலே போதும். 10 மீட்டர் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். கீழே இருந்தால் ஆயுள் முழுக்க மோட்டாரும் பேட்டரியும்தான். ஊற்றுக்கு மேலே ஆடு, பன்றி மேய்கிறதா என்பதையும் பாருங்கள். வேலி போடும் உரிமை இல்லாத ஊற்றைக் கொதிக்க வைக்காமல் குடிக்க முடியாது.

பழைய குடியேற்றங்களைப் படிக்கிறவர்

இந்தக் கேள்வி புதிதல்ல. 1932-இல் பசிபிக் கடலில் உள்ள கலாபகஸின் ஃப்ளோரியானா தீவுக்குப் போன விட்மர் குடும்பம் வறண்ட கரையை விட்டுவிட்டு மேட்டில், ஊற்றுக்கு அருகே இருந்த குகைகளில்தான் முதலில் தங்கியது. சாமான் எல்லாம் மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தும் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பசிபிக்கின் இன்னொரு சிறு தீவான பிட்கெர்ன் மக்களை 1831-இல் டஹிதிக்கு ஏற்றிப் போனதற்குத் தண்ணீர் போதாமல் போகும் என்ற அச்சமே முக்கியக் காரணம். அங்கே நோயில் பலர் இறந்தார்கள். மீதிப்பேர் அதே ஆண்டில் திரும்பிவிட்டார்கள். 1856-இல் மக்கள் பெருகி நிலம் போதாது என்று நார்ஃபோக் தீவுக்குப் பெயர்ந்தார்கள். ஆகவே இன்றைய நான்கு பேருக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள்; பிள்ளைகள் வளர்ந்து அவர்களுக்கும் குடும்பம் என்று வந்தால் அதே ஊற்று தாங்குமா என்று பாருங்கள்.

எரிமலைத் தீவாக இருந்தால் இன்னொன்று. தென் அட்லாண்டிக் தீவான டிரிஸ்டன் டா குன்யாவில் 1961-இல் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்து, எல்லோரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. பெரும்பாலானோர் 1963-இல் திரும்பினார்கள். வீடு கட்டும் இடத்திலிருந்து எந்தப் பக்கமாக, எவ்வளவு நேரத்தில் படகுத்துறைக்கு இறங்கலாம் என்பதை நடந்தே பார்த்து வையுங்கள்.

கட்டுமானக்காரர்

கரையோர மனையில் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இருபது மீட்டர் ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கடல் ஒதுக்கிய குப்பைக் கோட்டில் பிடித்து, மறுமுனையால் படிப்படியாக ஏறி வீடு வரும் இடம் வரை அளந்து வாருங்கள். குழாயில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தாலும் அளவு தப்பும். அளவு தொடங்கும் கோடும் சரியாக இருக்க வேண்டும். அன்றாட ஏற்றத்தின் கோட்டுக்கு மேலே, புதருக்குள் இன்னொரு கோடு இருக்கும்: உலர்ந்த கட்டை, பவளத் துண்டு, மிதக்கும் நுரைக்கல் எல்லாம் சிக்கிக் கிடக்கும். அது புயல் வந்த கோடு. வீட்டின் தரைமட்டம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். கரையில் வேர் தெரியச் சாய்ந்த தென்னைகள் வரிசையாக இருந்தால், கரை உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. மணல் முனையில் மனை வாங்கவே வேண்டாம். அது இடம் மாறும்.

கடல் மணலில் கான்கிரீட் போடுவதுதான் தீவுகளில் அதிகம் பார்க்கும் கேடு. மணலில் உள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, சில வருடங்களில் தூணின் மூலைகள் வெடித்து உதிரும். நன்னீரில் கழுவிய மணல் வேண்டும், கலவைக்கும் நன்னீர் வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டை ஆறு அல்லது ஏழு, தண்ணீர் சுமார் 180 லிட்டர். மேட்டு மனை என்றால் அத்தனையும் நாற்பது நிமிடம் சுமந்து ஏற வேண்டும். அங்கே கல் அடித்தளத்தின் மேல் மரவீடு போதும்.

தோட்டக்காரர்

மண்ணை ஐந்தாறு இடங்களில் முழங்கால் ஆழம் வெட்டிப் பாருங்கள். கறுத்த மேல்மண் எத்தனை விரல், அதன் கீழே பாறையா, வெண்மணலா என்று தெரியும். வெட்டிய மண்ணில் வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதா? அப்படியானால் பவளச் சுண்ணாம்பு மண். அதன் pH எனும் அமில-கார அளவு 8-க்கு மேல் நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் வாங்கிப் போட்டுத் தீராது. குழி வெட்டி இலைதழை, மக்கு நிரப்பி அதில் நடுவதே நிலைக்கும். தழைக்கு மரங்கள் வேண்டும் என்பதால், மனையில் உள்ள காட்டை முழுதாக அழிக்காதீர்கள்.

மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்று கவனியுங்கள். காற்று முகத்தில், அதாவது காற்று வந்து மோதும் பக்கத்தில், உப்புத்தூவல் காய்கறியைக் கருக்கும். உயரமான தீவில் காற்று முகச் சரிவில்தான் மழை அதிகம், மறுபக்கம் காயும். உங்கள் ஊற்றுச் சரிவு எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லுங்கள்.

கேட்டவர்

காற்று வரும் பக்கம்தான். ஒரு சந்தேகம்: கூரை மழைநீரை மட்டும் நம்பிக் கரையில் இருக்க முடியாதா?

கிணற்று வேலைக்காரர்

முடியும், தொட்டி போதுமான அளவு இருந்தால். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. பெய்து, அதில் எண்பது சதவீதம் பிடித்தால் 1,20,000 லிட்டர். ஆண்டுத் தேவை 73,000 தான். சிக்கல் இடைவெளியில் இருக்கிறது: 90 நாள் மழையில்லை என்றால் 18,000 லிட்டர் கையிருப்பு வேண்டும், பஞ்சத்துக்கும் சேர்த்து 24,000-க்கு இரண்டு தொட்டியாகப் பிரித்துக் கட்டுங்கள். ஒன்று விரிசல் விட்டால் மற்றது காப்பாற்றும். முதல் மழையின் அழுக்கு நீரைத் திருப்பிவிட ஓர் அமைப்பு வேண்டும். தொட்டி வாயில் கொசுவலை கட்டாயம்.

கழிப்பறையையும் இதோடு யோசியுங்கள். குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்க வேண்டும். கரையில் இரண்டு மீட்டரிலேயே நீர் வரும் என்பதால் குழி சரிவராது. கழிவை மக்க வைக்கும், தரைக்கு மேலே கட்டும் கழிப்பறைதான் வழி.

படகுக்காரர்

மனை எங்கே இருந்தாலும் சாமான் இறங்கும் துறை ஒன்றுதான். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அங்கே நின்று, எத்தனை நாள் படகு கரைசேர முடியாமல் திரும்புகிறது என்று பாருங்கள். பவளப் பாறைத் தடுப்பில் படகு நுழையும் இடைவெளி குறுகலாக இருந்தால், கடல் இறங்கும்போது அதன் வழியே வெளியேறும் நீரோட்டம் எதிர் அலையோடு மோதும். படகு கவிழ்வது அங்கேதான். மாதப் படகு ஒருமுறை தவறினாலும் தாங்க மூன்று மாத உணவு, மருந்து, எரிபொருள் வைக்க ஈரம் ஏறாத இடம் வேண்டும்.

பத்திரம் பார்ப்பவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். பல தீவுகளில் நிலம் குலத்துக்குச் சொந்தம். விற்க முடியாது, குத்தகை மட்டும்தான். டிரிஸ்டனில் வெளியார் நிலம் வாங்கவே முடியாது. கலாபகஸில் 97 சதவீத நிலம் தேசியப் பூங்கா. குடியேறும் அனுமதி கையில் வருவதற்கு முன் முன்பணம் கொடுக்காதீர்கள். பங்காளிகள் எல்லோரும், வெளியூரில் இருப்பவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லைக்கல்லை அவர்களோடு நடந்தே பாருங்கள். ஊற்று பக்கத்து மனையில் விழுந்தால் நீர் எடுக்கும் உரிமை, குழாய் போகும் வழி, துறைக்கு நடக்கும் பாதை மூன்றும் தனித்தனியாகப் பத்திரத்தில் ஏற வேண்டும்.

கேட்டவர்

ஊற்று எல்லைக்குச் சற்று வெளியேதான் இருக்கிறது. கோடைக் கடைசியில் வாளியும் மீட்டரும் எடுத்துக்கொண்டு போகிறேன். அளவுகளை இங்கேயே எழுதுகிறேன்.