பாத்திர ஸ்டாண்ட் வாங்கிய அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலோரக்காரி, தூத்துக்குடி

எங்கள் வீட்டுச் சுவர் ஸ்டாண்டின் ஆயுள் இந்த மழைக்காலத்தோடு முடிந்தது. கம்பிகள் நடுவில் இன்னும் பளபளவென்றுதான் இருக்கின்றன. வெல்டு வைத்த புள்ளிகளில் மட்டும் துரு பூத்து, தட்டு செருகும் வரிசை ஒரு பக்கம் கழன்றுவிட்டது. இந்த முறை மேடையில் வைக்கிற மாதிரி வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். மதியச் சமையல் முடிந்து கழுவிய சாமான்களை எல்லாம் மேடையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். குக்கர், அதன் மூடி, குழம்புச் சட்டி, வாணலி, சாதம் வடிக்கிற பாத்திரம், மிக்ஸி ஜார்கள், கரண்டிகள். தட்டுகள் ஓர் ஓரத்தில் கொஞ்சம்தான். ஆனால் ஆன்லைனில் காட்டும் ஸ்டாண்டுகளில் முக்கால்வாசி இடம் தட்டுக்கும் கப்புக்கும்! பீங்கான் தட்டில் சாப்பிட்டு, பொரியலும் ஆம்லெட்டுமாகச் சமையலை முடிக்கிற வீட்டுக்கு அது சரி. நமக்குப் பெரிய சாமான் கவிழ்க்கத்தான் இடம் வேண்டும்.

நம் எவர்சில்வர் தட்டு மெல்லியது, விளிம்பு நிமிர்ந்தது. பீங்கானுக்கென்று செய்த அகலமான இடுக்கில் அது சரிந்து அடுத்த தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் அப்படியே நிற்கும். கம்பி இடைவெளி அதிகமாக இருந்தால் சின்ன டம்ளர் உள்ளே இறங்கிவிடும். அதனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு டபரா மூன்றையும் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் சிரித்தான், பரவாயில்லை. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வைத்துப் பார்த்தே வாங்கினேன்.

வாங்கியது இரண்டு அடுக்கு. கீழே தடுப்பு இல்லாத ஆழமான கூடை, மேலே தட்டு வரிசை. அடியில் இருக்கும் டிரேயில் ஒரு மூக்கு உண்டு, அது சிங்க்கைப் பார்த்து நீள்கிறது. பின்பக்கக் கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்துச் சற்றே உயர்த்தியதும் தண்ணீர் தானாக ஓடிவிடுகிறது. என்னைக் கேட்டால், ஸ்டாண்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூக்கைத்தான். எத்தனை அடுக்கு, என்ன நிறம் எல்லாம் அப்புறம்.

உங்கள் வீட்டில் எது சரிப்பட்டது?

வாடகை வீடு, வேளச்சேரி

அக்கா, எங்களுக்கு மேடையே கிடையாது என்று சொல்லலாம். அடுப்பு ஒரு பக்கம், சிங்க் ஒரு பக்கம், நடுவில் மிக்ஸி. சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. அதனால் சிங்க்கின் இரு புறமும் கால் ஊன்றி மேலே பாலம் போல நிற்கும் ஸ்டாண்ட் வாங்கினோம். சொட்டுவது நேராக சிங்க்கில் விழுகிறது, டிரே என்ற பேச்சே இல்லை.

ஆனால் இதற்கு அளவு எடுக்காமல் ஆர்டர் போடக் கூடாது. சிங்க்கின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலே அலமாரி எங்கே தொடங்குகிறது, குழாய்க் கழுத்து எவ்வளவு உயரம், அது திரும்பும்போது கம்பியில் இடிக்குமா, எல்லாம் பார்க்க வேண்டும். சிங்க்குக்கு மேல் ஜன்னல் இருந்து கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், ஸ்டாண்ட் வந்தபின் ஜன்னலை மறந்துவிட வேண்டியதுதான். அப்புறம், குக்கரை மேல் தட்டில் வைத்தால் ஆடும். கனமானதை எப்போதும் கீழே, காலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இங்கே போர் தண்ணீர். கம்பி முழுக்க வெள்ளைப் படிவு. துரு என்று பயப்பட வேண்டாம், அது சுண்ணாம்பு. சாறு பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும்.

பாத்திரக்கடை, சேலம்

இரண்டு பேரும் சொன்னது சரி. துரு பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், கடையில் தினமும் இதே பஞ்சாயத்துதான்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று நம்பிப் பலர் கையில் காந்தத்தோடு வருகிறார்கள். 304 என்ற தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அதில் காந்தம் ஒட்டாது. 202 என்ற தரத்தில் விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது! இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். துரு தாங்குவதில்தான் வித்தியாசம், அதுவும் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் தெரிந்துவிடும். இன்னொன்று, நல்ல 304 கம்பியைக்கூட வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கலாம். ஆக, காந்தம் முக்கியமாகப் பிடித்துக் காட்டுவது குரோம் பூசிய இரும்புக் கம்பியைத்தான். அதுவே உபயோகம்தான், ஏனென்றால் விலை குறைந்த ஸ்டாண்டுகளில் அதுதான் அதிகம். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். 304 என்று சொல்லி விற்றால் பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

தூத்துக்குடி மேடம் சொன்ன வெல்டு சங்கதிக்குக் காரணம் இருக்கிறது. ஸ்டீலைக் காப்பாற்றுவது அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். வெல்டு சூட்டில் அந்த இடத்தில் படலம் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் அமிலத்தால் சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் திரும்ப உருவாகும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும். வாங்கும்போது கம்பி சேரும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். கருப்பாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் வேண்டாம்.

கடற்கரை ஊரில் 304-லும் பழுப்புக் கறை வரும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். இரும்பு தோசைக்கல்லை ஈரத்தோடு ஸ்டாண்டில் சாய்க்காதீர்கள். அதன் துரு கம்பியில் ஒட்டிக்கொள்ளும், பழி எங்கள் தலையில் விழும். பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டவே வேண்டாம்.

பனிதேசத்தான், எஸ்போ

பின்லாந்தில் பல வீடுகளைப் போல எங்கள் அடுக்குமாடி வீட்டிலும் சிங்க்குக்கு நேர் மேலே ஓர் அலமாரி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அலமாரி. கதவைத் திறந்தால் பலகைக்குப் பதில் கம்பி அடுக்குகள், அடிப்பாகம் திறந்திருக்கும். கழுவிய தட்டை ஈரத்தோடு வைத்துக் கதவை மூடிவிடலாம், தண்ணீர் சிங்க்கில் சொட்டும். காய்ந்ததும் எடுத்து வேறு இடத்தில் அடுக்கும் வேலை இல்லை, அதுவே அதன் இடம். 1940-களில் மாய்யூ கேப்ஹார்டு என்ற பெண்மணி இதை இங்கே வடிவமைத்துப் பரப்பினார். பாத்திரம் துடைப்பதிலும் அடுக்குவதிலும் பெண்களின் வாழ்நாள் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டவர் அவர்.

தட்டு, டம்ளர், கிண்ணத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா வந்திருந்தபோது இட்லிக் குண்டானை அதில் ஏற்றப் பார்த்தார், கதவு மூடவில்லை. பெரிய சாமான் எல்லாம் இன்றும் மேடையில் துண்டு விரித்துத்தான். ஊரில் புதிதாக மாடுலர் கிச்சன் செய்பவர்கள் ஆசாரியிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். சாதாரண பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும்.

மாடித்தோட்டம், கோவை

டிரே வைத்த ஸ்டாண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெங்கு கொசுப் புழு இருக்கிறதா என்று பார்க்க வந்த மாநகராட்சி ஊழியர் பிரிட்ஜ் பின்னாலிருக்கும் டிரேயைப் பார்த்தார், அப்படியே ஸ்டாண்ட் டிரேயையும் இழுத்துப் பார்த்தார். நியாயம்தான். ஏடிஸ் கொசு முட்டை இட்டுப் பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூக்கு இல்லாத டிரே என்றால் தினமும் ராத்திரி கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். கரப்பானும் குறையும்.

புது வீடு, திருச்சி

நாங்கள் பழையபடி சுவர் ஸ்டாண்டே மாட்டப் போகிறோம். கழுவுகிற இடம் அகலமாக இருக்கிறது, சொட்டினாலும் கவலை இல்லை. டைல்ஸ் சுவரில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

கடலோரக்காரி, தூத்துக்குடி

பழையதை மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி. முதலில் டைலைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று காலியாகச் சத்தம் வந்தால் பின்னால் சிமெண்ட் பிடிக்கவில்லை, அங்கே துளைத்தால் விரிசல் விடும். டைலைத் தாண்டும் வரை டிரில்லில் சுத்தியல் மோடு போடக் கூடாது. குழாய்க்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்க வேண்டாம், உள்ளே பைப் ஓடும். உயரத்தை மாட்டுபவர் கணக்கில் விடாதீர்கள், வீட்டில் யார் பாத்திரம் எடுத்து வைக்கிறாரோ அவரை நிற்க வைத்துக் கை எட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் உயரத்துக்கு மாட்டினார்கள், அவர் அதில் ஒரு டம்ளர்கூட வைத்ததில்லை.