1983 ரிக்கார்டு பிளேயர்: ரிப்பேரா, புதுசா? பட்ஜெட் 15,000

செம்பூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா மஸ்கட்ல இருந்தப்போ 1983-ல வாங்கின ஜப்பான் டர்ன்டேபிள் (ரிக்கார்டு சுத்துற டெக்), பெல்ட் டிரைவ், அதாவது மோட்டார் ரப்பர் பெல்ட்டால தட்டைச் சுத்தும். ரொம்ப நாள் பரண்ல கிடந்ததை இப்போ இறக்கியிருக்கேன். சுத்துது. ஆனா லால்குடி ஜெயராமன் வயலின் எல்பி ரிக்கார்டு போட்டா சுருதி இறங்கிக் கேக்குது, நீண்ட கார்வையில அலையுது. "அவர் இந்த இடத்துல அசைக்கவே மாட்டாரே"ங்கிறார் அப்பா. வலது ஸ்பீக்கர் வேற அப்பப்போ செத்துப் போகுது. லாமிங்டன் ரோட்டுல ஒரு கடையில மூடியைக்கூடத் திறக்காம "பார்ட்ஸ் கிடைக்காது, தூக்கிப் போடுங்க"ன்னுட்டாங்க. அத்தை பையன் மூணு ஸ்பீடு சூட்கேஸ் பிளேயர் வாங்கச் சொல்றான், தாத்தாவோட 78-ம் (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய ரிக்கார்டு) பாடுமாம். என்ன பண்ணலாம்?

ஐரோலி ஆனந்த்:
புதுசுதான் ப்ரோ. ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் பாருங்க. ஆட்டோமேட்டிக், ஊசியோட சின்ன சிக்னலை ஏத்திக் கொடுக்கிற ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு. ஊசியைப் பிடிச்சிருக்கிற கார்ட்ரிட்ஜை மாத்த முடியாது, ஊசியை மட்டும் மாத்தலாம். பழசோட மல்லுக்கட்ட யாருக்கு நேரம்?

மாட்டுங்கா மணி:
தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி எண்ணுங்க. தட்டு ஓரத்துல ஒரு துண்டு காகிதம் ஒட்டி, ஊசி ரிக்கார்டு மேல ஓடும்போதே எண்ணணும். எல்பியோட ஸ்பீடு நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, அது சரியா ஓடினா மூணு நிமிஷத்துக்கு 100 சுத்து. அதுல ஆறு குறைஞ்சா ஏறக்குறைய அரைக் கட்டை சுருதி இறங்கிடும். அப்பா காது அதைத்தான் பிடிச்சிருக்கு. வயலின் காட்டிக் கொடுக்கும், சினிமாப் பாட்டுல பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

இத்தனை வருஷ பம்பாய் ஈரத்துல பெல்ட் ரப்பர் என்ன ஆகியிருக்கும்? தளர்ந்திருக்கும், இல்ல தார் மாதிரி இளகியிருக்கும். பழசை அளந்து புதுசு வாங்காதீங்க, அது நீண்டு போயிருக்கும். பெல்ட் ஓடுற பாதையிலேயே நூல் சுத்தி அளந்து, அதுல 5 சதவிகிதம் போலக் குறைச்சுச் சொல்லுங்க. சில நூறு ரூபாய்தான் ஆகும். நடுத் தண்டுல பழைய எண்ணெய் பிசுக்கா இருந்தா துடைச்சு, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. மோட்டார்ல ஸ்பீடு திருகு இருந்தாலும் இதெல்லாம் முடியிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது.

வலது பக்கத்துக்கு: டெக்ல இருந்து ஆம்ப் பின்னாடி வர்ற ரெண்டு வயரையும் இடம் மாத்திச் சொருகுங்க. சாவு இடது ஸ்பீக்கருக்குத் தாவினா குத்தம் டெக் பக்கம். முக்கால்வாசி ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் மாட்டுற முனைத் துண்டு) பின்னுல இருக்கிற கருப்புதான், பென்சில் ரப்பரால தேய்ச்சாலே போகும்.

மிச்சக் காசை ஊசியில போடுங்க. வைரம்னாலும் தேயும், தேஞ்ச முனை எல்பியையே செதுக்கிடும். கார்ட்ரிட்ஜ் மேல ரெண்டு திருகு இருந்தா ஆடியோ டெக்னிகாவோட ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் தாராளமா உக்காரும், ஊசி அழுத்தம் 2 கிராம் வைங்க. பக்கவாட்டுல ஒரே திருகுன்னா அது பி-மவுண்ட், வேற கார்ட்ரிட்ஜ் பாக்கணும்.

சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ், எல்பியை அழுத்திக் கொல்லும். 78 பள்ளத்துக்கு எல்பி ஊசியைவிட நாலு மடங்கு பருமனான முனை வேணும், அந்த ஒரே ஊசி ரெண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? பழைய சாமான் விக்கிற சோர் பஜார் பக்கமும் போகாதீங்க. டெக் பளபளன்னு இருக்கும், டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்குற கை) பின்னாடி எடைக்குண்டு இருக்காது. அது இல்லாம டெக் வெறும் பலகை.

செம்பூர்க்காரன்:
94 சார்! தட்டைத் தூக்கினா பெல்ட் விரல்லேயே ஒட்டிக்கிச்சு, மையா வருது. கார்ட்ரிட்ஜ்ல ரெண்டு திருகு. வயர் மாத்தினதும் இடது செத்துது, பின்னைத் தேய்ச்சேன், இப்போ ரெண்டும் பாடுது. ஆனந்த், கோவிச்சுக்காதீங்க.

ஐரோலி ஆனந்த்:
ஐயோ, இதுல என்ன கோவம். பெல்ட் எங்க வாங்கினீங்கன்னு மட்டும் அப்புறம் சொல்லுங்க, மாமனார் வீட்டுலயும் ஒண்ணு கிடக்கு.

மாட்டுங்கா மணி:
அந்த மையை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியால தட்டுலயும் புல்லியிலயும் முழுக்க எடுத்துடுங்க, மிச்சம் இருந்தா புது பெல்ட்டும் வழுக்கும். அதே துணியோட தாத்தாவோட 78 பக்கம் மட்டும் போயிடாதீங்க. அது அரக்கு, ஆல்கஹால் பட்டா கரைஞ்சிடும்.