இத்தாலியின் டஸ்கனி கிராமச் சாலையில் கார் ஓட்டியவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மெதுவண்டி:
நானே ஆரம்பிக்கிறேன். பியென்சாவிலிருந்து மோன்டிகியெல்லோ போகிற வழி. அந்த வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேப் எங்களை ஒரு வெள்ளைச் சரளைச் சாலைக்குள் திருப்பிவிட்டது. முன்னால் ஓர் ஆப்பே. ஆமாம், நம்மூர் ஷேர் ஆட்டோ ஆப்பேயேதான். 1948-லிருந்து அங்கே ஓடுகிறது, பியாஜியோவின் போன்டெதெரா தொழிற்சாலையும் டஸ்கனியில்தான். இதில் பின்னால் சரக்குத் தொட்டி, அதில் வைக்கோல் கட்டு, கட்டின்மேல் ஒரு நாய். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. எங்களுக்கும் அவசரமில்லை, புழுதியைத் தின்றுகொண்டே பின்னால் போனோம்.

திடீரென்று நடுச்சாலையில் நிறுத்தினார். பெரியவர் இறங்கி வந்து, என் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். வானத்தைக் காட்டினார். முன் டயரைக் காட்டினார். எனக்கு ஏறவில்லை என்று தெரிந்ததும் என் மனைவியிடம் இன்னும் விளக்கமாகச் சொன்னார். கோபமா அக்கறையா, அதுகூடப் பிடிபடவில்லை. நன்றி சொல்லி வைப்போம் என்று "க்ராஸியே" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். டயரில் ஒன்றுமில்லை, மழையும் வரவில்லை. அப்படி என்னதான் சொல்லியிருப்பார்?

களிமண்:
இதிலென்ன புதிர்? மழை வந்தால் இந்தச் சாலையில் நிற்காதே என்றிருப்பார். சியெனாவுக்குத் தெற்கே முழுக்கக் களிமண் பூமி. நாங்கள் அஷானோ பக்கம் அனுபவித்தோம். பத்து நிமிட மழைதான், வண்டி சொன்ன பேச்சு கேட்காமல் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. டிராக்டரில் ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார், போயே போய்விட்டார். சாப்பிட்டு முடித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்துதான் கயிறு கட்டினார். அந்தச் சட்டைதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சேற்று வேலைக்கு யாராவது வெள்ளைச் சட்டை போடுவார்களா?

ஊர்சுற்றி மாமா:
மெதுவண்டி தம்பி, நீங்கள் முன்வண்டியை ஒட்டியே போயிருப்பீர்கள், அதைத்தான் கண்டித்திருப்பார். எனக்கும் மோன்டால்சினோவில் ஒரு சம்பவம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் புதிதாகப் போகிறவர்களுக்கு நாலு விஷயம்.

இசட்.டி.எல்., அதாவது வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி. சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை, பழைய ஊர்களின் வாசலில் இருக்கும். "வார்கோ அத்தீவோ" என்று விளக்கு எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, அனுமதியில்லாத வண்டி நுழையக்கூடாது என்று பொருள். அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கே வரும். உங்கள் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று கார் வாடகைக்காரர்கள் தனியாக ஒரு தொகை எடுப்பார்கள். ஊருக்குள்ளேயே ஹோட்டல் போட்டிருந்தால் வண்டி எண்ணைப் பதிவு செய்து தரச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

பெட்ரோல் பங்க் மதியம் ஆளில்லாமல் இருக்கும். மிஷினில் முதலில் நோட்டைச் செருக வேண்டும், அப்புறம்தான் பம்ப் எண். மீதியைச் சில்லறையாகத் தராது, ரசீதுதான். ஐம்பது யூரோ நோட்டை நீட்டாதீர்கள். டீசலுக்குப் பெயர் கசோலியோ, அதைப் பெட்ரோல் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள். டோல்கேட்டில் மஞ்சள் டெலிபாஸ் (நம்மூர் ஃபாஸ்டேக் மாதிரி) வரிசைக்குள் போகாதீர்கள். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இல்லாமல் கிளம்பாதீர்கள். கியர் வண்டிதான் அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சீக்கிரமே புக் செய்யுங்கள்.

ஹேர்பின்:
மெதுவண்டி, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் முப்பதில் ரசித்துக்கொண்டு போனபோது உங்கள் பின்னால் எத்தனை வண்டி? நாம் நிதானமாக ஓட்டுவதற்கு உள்ளூர்க்காரர்கள்தான் விலை கொடுக்கிறார்கள். புளோரன்ஸ்–சியெனா 222-ஆம் சாலையில் கண்ணாடியை ஒட்டி ஒரு வேன் எப்போதும் இருந்தது, ஒதுங்க இடம் கிடைத்த இடத்திலெல்லாம் ஒதுங்கினேன்.

ஆனால் கிரேவே நோக்கி இறங்கும்போது முந்தியது வேன் இல்லை, சைக்கிள். அக்டோபர் மாதம். கையோலேயில் 1997-லிருந்து பழைய சைக்கிள்களுக்கென்றே ஒரு ஓட்டம் நடக்கிறதே, அதற்கு வந்தவரோ என்னவோ, கம்பளி ஜெர்சி, இரும்புச் சைக்கிள், எழுபது வயதுக்குக் குறையாது. எங்களை உரசுவது போல் வந்து, கார் கூரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த வளைவில் மறைந்தார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் விழித்துக்கொண்டு, "யாரோ கூப்பிடுறாங்களே, நிறுத்துங்க" என்றார்.

களிமண்:
மாமா, மோன்டால்சினோ கதை எங்கே? அனுபவம் கேட்டால் ஓட்டுநர் பள்ளியே நடத்திவிட்டீர்கள்.

ஊர்சுற்றி மாமா:
அதற்குத்தான் வருகிறேன். மோன்டால்சினோவில் பார்க்கிங் தேடினோமா... அட, இதைச் சொல்ல விட்டுப் போச்சு. வெள்ளைக் கோடு என்றால் இலவசம், நீலம் காசு, மஞ்சள் நமக்கில்லை. மீதி நாளைக்கு.